நத்தை அளந்த தூரங்கள்

வணக்கம் நேயர்களே.

ஒரு நூலைத் திறந்ததும் முதல் வரியிலேயே ஆசிரியர் தன்னைக் கழுதையோடு ஒப்பிட்டால் எப்படி இருக்கும்? அதோடும் விடவில்லை அவர். கழுதை என்ன கழுதை, நத்தையைவிட மெதுவாகப் பின்னால் வருகிறவன் நான் என்கிறார். அஸ்ட்ரோலேப் என்று ஒரு கருவி உண்டு. கையில் தொங்கவிட்டு, சூரியனோ நட்சத்திரமோ எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்து நேரம் சொல்லலாம். அதைச் செய்யும் முறையை விளக்குகிற லத்தீன் நூல் இது. எழுதியவர் ஹெர்மன் என்ற துறவி. ஜெர்மனியின் தெற்கு ஓரத்தில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்குள் இருக்கும் ரைஹெனாவ் தீவில், பெனடிக்ட் சபை மடத்தில் வாழ்ந்தவர். பிறந்தது 1013 ஜூலை 18.

முன்னுரையில் தன்னைத் தாழ்த்திக்கொள்வது அந்தக் காலத்து வழக்கம்தான், நம் அவையடக்கம் மாதிரி. ஆனால் இவர் நத்தை என்று சொன்னதில் நிஜமும் இருந்தது. இவருடைய மாணவர் பெர்ட்டோல்ட் எழுதிவைத்த குறிப்பைப் படித்தால் தெரியும். சின்ன வயதிலேயே உடம்பு முடங்கிவிட்டது. உட்காரவைத்த இடத்தைவிட்டு நகர முடியாது. படுத்தால், யாராவது பிடித்துவிட்டால்தான் புரள முடியும். நாற்காலியில் வைத்துத் தூக்கிப்போவார்கள். நாக்கும் ஒத்துழைக்கவில்லை, பேச்சு குழறும். ஏழு வயதில் பாடம் படிக்கச் சேர்த்தார்கள். முப்பதாவது வயதில் துறவியானார். முடவர் ஹெர்மன் என்றே சரித்திரத்தில் பெயர் நின்றுவிட்டது. அந்தக் குழறலைக் கேட்டுப் பாடம் படிக்கப் பல ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள் என்கிறார் பெர்ட்டோல்ட்.

அஸ்ட்ரோலேப் நூலையும் அவர் தானாக எழுதவில்லை. நண்பர்கள் அரித்தெடுத்தார்கள். அந்த அறிவு அரபு உலகத்திலிருந்து ஸ்பெயின் வழியாக வடக்கே வந்துகொண்டிருந்த நேரம். கைக்குக் கிடைத்த ஏடுகளோ ஒரே குழப்பம். தெளிவாக ஒன்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள், எழுதிக் கொடுத்தார். இன்றைக்கு நாம் மக்கள் அறிவியல் என்று சொல்கிறோமே, அந்த வேலைதான் இது. பயணிகள் கையில் கொண்டுபோகிற உருளை வடிவச் சூரியக் கடிகாரத்தைப் பற்றியும் ஒரு சிறு நூல் இவர் பெயரில் வழங்குகிறது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் தூக்கிப்போய் வைத்த இடத்தில் இருந்த மனிதர், வழிப்போக்கனுக்குக் கடிகாரம் செய்யச் சொல்லித்தருகிறார்.

சந்திரனைப் பற்றி அவருக்கு வந்த சந்தேகத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஈஸ்டர் திருநாளைக் கணிக்கத் திருச்சபையிடம் ஒரு சந்திர அட்டவணை இருந்தது. அதில் இன்று சந்திரனுக்கு இத்தனாம் நாள் என்று இருக்கும், வானத்தில் பார்த்தால் அது ஒத்துப்போகாது. ஏன் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டார். 19 ஆண்டுகளில் 235 சந்திர மாதம் என்பது பழைய கணக்கு. அந்தப் பத்தொன்பது ஆண்டுக்கு மொத்தம் 6939 நாள் 18 மணி. அதை 235ஆல் வகுக்க வேண்டும். தசமப் புள்ளி கிடையாது, காகிதமும் கிடையாது. ஒரு மணிக்கு 40 கணம், ஒரு கணத்துக்கு 564 அணு என்று அன்றைய அளவுகளை வைத்து வகுத்துக்கொண்டே போனார். 29 நாள், 12 மணி, 29 கணம், 348 அணு என்று விடை வந்தது. நம் கணக்குக்கு மாற்றினால் 29 நாள் 12 மணி 44 நிமிடம் 25 விநாடி சொச்சம். இன்றைய சராசரி அளவு 44 நிமிடம் 3 விநாடி. இருபத்திரண்டு விநாடிதான் வித்தியாசம். அதுவும் அவர் வகுத்ததில் வந்த பிழை இல்லை, பழைய கணக்கிலேயே இருந்தது.

பாட்டும் இயற்றியவர் இவர். சரி, வானத்தைக் கணக்குப் போட்ட இந்த ஆள் பாட்டுக்கு எப்படி வந்தார்? எனக்கென்னவோ அவர் வேறு எங்கும் போகவில்லை, அதே அளக்கிற வேலையைத்தான் செய்தார் என்று தோன்றுகிறது.

அந்த நாளில் தேவாலயப் பாட்டை எழுதிவைக்க, வார்த்தைகளுக்கு மேலே நெளிவும் புள்ளியுமாகக் குறிகள் போடுவார்கள். குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அவை சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. ஏற்கெனவே பாட்டைத் தெரிந்தவனுக்குத்தான் அதனால் பயன். ஹெர்மன் இரண்டு சுரத்துக்கு நடுவே உள்ள தூரத்துக்கே எழுத்து வைத்தார். அதே சுரம் திரும்ப வந்தால் ஈ. அரைச் சுர இடைவெளிக்கு எஸ், முழுச் சுரத்துக்கு டி. நாலாம் சுரத்துக்குத் தாவினால் டி என்கிற ஒலியிலேயே வருகிற இன்னொரு லத்தீன் எழுத்து. ஐந்தாம் சுரத்துக்கு, அதாவது நம் சட்ஜ பஞ்சமத் தூரத்துக்கு, கிரேக்க டெல்டா. எழுத்துக்குக் கீழே புள்ளி வைத்தால் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் ஏற வேண்டும். அவ்வளவுதான்.

மாணவர்கள் மனப்பாடம் செய்ய ஒரு பாட்டும் உண்டு. எந்தப் பாட்டையும் நெய்கிற இடைவெளிகள் மும்மூன்று ஒன்பது என்று அது தொடங்கும். ஒவ்வொரு இடைவெளியின் பெயரும் வரும்போது பாடுகிறவரின் குரல் அந்தத் தூரத்தையே தாவும். பெயரைச் சொல்லும்போதே தூரமும் தொண்டையில் பதிந்துவிடும். நம்மூர் சரளி வரிசைக்குச் சாகித்தியம் போட்ட மாதிரி. கவிஞரும் வாத்தியாரும் ஒரே ஆளாக இருந்தால்தான் இப்படி வரும்.

இசை பற்றிய நூலில் மட்டும் அவையடக்கத்தைக் கொஞ்சம் மறந்துவிடுகிறார். இசை அறிந்தவன் முறையாக இயற்ற வேண்டும், சரியா தவறா என்று எடைபோட வேண்டும், ஒழுங்காகப் பாடவும் வேண்டும் என்கிறார். காரணம் தெரியாமல் வெறுமனே பாடிக்கொண்டிருப்பவர்களுக்கு அங்கே நல்ல சூடு விழுகிறது.

அவருடைய எழுத்து முறை நிலைக்கவில்லை. இத்தாலியில் அரெஸ்ஸோ ஊர் குய்தோ கிட்டத்தட்ட அதே காலத்தில் கோடுகள் போட்டு அதன்மேல் சுரத்தை வைத்தார். உலகம் அந்தப் பக்கம் போய்விட்டது. போனதும் நியாயம்தான். கோட்டைப் பார்த்தால் பாட்டின் வடிவம் கண்ணுக்குத் தெரிகிறது. ஹெர்மன் முறையில் ஒரு எழுத்தைத் தவறாகப் படித்தால் அதற்கப்புறம் வருகிற அத்தனை சுரமும் இடம் மாறிப்போகும், வரவு செலவுக் கணக்கில் ஒரு வரி தப்பின மாதிரி.

ஆனால் அவர் இயற்றிய பாட்டுகள் இருக்கின்றன. ஆக்ஸ்பர்க் நகரின் வேதசாட்சி புனித அஃப்ராவுக்கும், ரேகன்ஸ்பர்க் ஆயராக இருந்த புனித வுல்ஃப்காங்குக்கும் அவர் செய்த வழிபாட்டுப் பாடல் தொகுதிகள் கிடைத்துள்ளன. நாலாம் சுரம், ஐந்தாம் சுரம் என்று தாராளமாகத் தாவுகிற மெட்டுகள்.

உலகமே அறிந்த ஒரு பாட்டும் நெடுங்காலமாக இவர் பெயரில் சொல்லப்பட்டு வருகிறது. ‘சால்வே ரெஜினா’ என்கிற லத்தீன் மாதா பாட்டு. பெர்ட்டோல்ட் தரும் பட்டியலில் அது இல்லை, இன்றைய ஆய்வாளர் பலர் ஒப்புக்கொள்வதுமில்லை. 1492 அக்டோபர் 11 மாலை கொலம்பஸின் மாலுமிகள் நடுக்கடலில் பாடியது இதைத்தான். சில மணி நேரத்தில் கரை தெரிந்தது. தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் ஜெபமாலை முடிந்ததும் ‘கிருபை தயாபத்துக்கு மாதாவாயிருக்கிற எங்கள் இராக்கினியே வாழ்க’ என்று சொல்வதும் இதே பாட்டின் தமிழ்தான். அதில் ‘கண்ணீர்க் கணவாய்’ என்று வரும். நான் கடற்கரை ஊர்க்காரன். சிறுவயதில் அதைக் கணவாய் மீன் என்றே நினைத்திருந்தேன், அது ஏன் அழுகிறது என்று கேட்டு அடி வாங்கியிருக்கிறேன். லத்தீனில் அது பள்ளத்தாக்கு.

அதன் பழைய, விரிவான மெட்டின் முதல் நான்கு சுரத்தைக் கேளுங்கள். ப, ம, ப, ச. கரகரப்பிரியாவின் சுரத்தானங்கள். பஞ்சமத்தில் நின்று ஒரு படி இறங்கி, திரும்ப ஏறி, ஒரேயடியாக ஆதாரத்துக்கு விழுகிறது. பாடிக்காட்டச் சொல்லாதீர்கள், என் குரல் அதற்குத் தாங்காது. ஹெர்மன் முறையில் இதை எழுத மூன்று குறி போதும். புள்ளி வைத்த டி, புள்ளி இல்லாத டி, புள்ளி வைத்த டெல்டா. பாட்டு அவருடையதோ இல்லையோ, அந்த விழுகிற தூரத்துக்கு எழுத்து வைத்தவர் அவர்.

1054 செப்டம்பரில் விலாப் பக்கம் வலி கண்டு படுத்தார். பத்து நாள். பக்கத்தில் பெர்ட்டோல்ட் இருந்தார். கனவில் பழைய ரோமானிய அறிஞர் சிசரோவின் ‘ஹொர்தென்சியுஸ்’ நூலைத் திரும்பத் திரும்பப் படித்ததாகச் சொன்னார் ஹெர்மன். அந்த நூல் இன்று நமக்கு இல்லை, தொலைந்துவிட்டது. எட்டுத் தீய குணங்களைப் பற்றி அவர் கன்னியருக்காக எழுதிவந்த நீண்ட கவிதை முடியாமல் கிடந்தது. என் மெழுகுப் பலகைகளை எடுத்துக்கொள், இன்னும் எழுத வேண்டியதைப் பார்த்துத் திருத்து என்று மாணவரிடம் சொன்னார். 24ஆம் தேதி இறந்தார். கிறிஸ்து பிறப்பிலிருந்து ஆண்டு வாரியாக அவர் எழுதிவந்த வரலாறும் அந்த 1054ஆம் ஆண்டோடு நின்றிருந்தது. அதற்கு அடுத்த வரியிலிருந்து பெர்ட்டோல்ட் எழுதத் தொடங்கினார்.

நன்றி, வணக்கம்.