ஊர் திரும்பியவர் விருந்தாளி அல்லர்

(திருகோணமலையில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, என்னைப் போலவே நெடுங்காலம் வெளியே இருந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கும் உறவுகளே, அனைவருக்கும் வணக்கம்.

ஊரைவிட்டுப் போனதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். 1983இல் போனவர்கள், 1990இல் படகேறியவர்கள், மூதூர்ப் பக்கத்திலிருந்து மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன பெண்கள் என்று அந்தக் கதைகள் நம் வீடுகளில் எல்லாம் உண்டு. திரும்பி வந்து வாழ்வதைப் பற்றி மட்டும் குறைவாகவே பேசியிருக்கிறோம். வந்து சேர்ந்துவிட்டால் மற்றவை தாமாகச் சரிவரும் என்ற நினைப்பே அதற்குக் காரணம் என்று கருதுகிறேன்.

1955இல் நோர்வே நாட்டு ஆய்வாளர் லிஸ்கார்ட், அமெரிக்காவில் தங்கிவந்த தம் நாட்டவரை ஆராய்ந்து, புதிய நாட்டில் முதலில் மகிழ்ச்சியும், பிறகு சோர்வும், அதன்பின் மெல்ல மெல்லத் தேறுதலும் வருவதாகச் சொன்னார். 1963இல் கல்லஹோர்ன் தம்பதியர், அதே இறக்கமும் ஏற்றமும் சொந்த நாட்டுக்குத் திரும்பியபின் இன்னொரு முறை நிகழ்வதாக எழுதினார்கள். எல்லோருக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது என்று பின்வந்தவர்கள் மறுத்திருக்கிறார்கள். ஆயினும் இரண்டாவது இறக்கம் நம்மை அதிகம் வருத்துவதன் காரணம் எனக்கு விளங்குகிறது. லண்டனுக்குப் போகும்போது குளிரும் மொழியும் வேலையும் புதிதாக இருக்கும் என்று தெரிந்தே போகிறோம். உப்புவெளிக்கு வரும்போதோ, எதுவும் புதிதாக இராது என்று நம்பிக்கொண்டு வருகிறோம். கிண்ணியாவுக்குப் ‘பாதை’ என்ற மிதவைப் படகில் ஏறிப் போன நினைவோடு வருபவர், 2009இல் திறந்த பாலத்தின்மேல் பஸ்ஸில் போகும்போது மகிழத்தான் வேண்டும். ஆனால் தான் இல்லாமலே ஊர் நடந்து முடிந்திருக்கிறது என்ற எண்ணமும் கூடவே வந்து நெஞ்சை அடைக்கிறது.

ஊராருக்கும் இதே சிக்கல் உண்டு. மீன் சந்தையில் விளைமீனுக்கு விலை கேட்டால், விலை சொல்வதற்கு முன்னரே, “எப்ப திரும்பப் போறீங்கள்?” என்ற கேள்வி வருகிறது. அன்பான கேள்விதான். ஆனால் போவதற்கு இடமில்லாமல், அல்லது போகும் எண்ணமே இல்லாமல் வந்தவர் அதற்கு என்ன பதில் சொல்வார்? செத்தவீட்டுக்குப் போனால் முன்வரிசையில் கதிரை போட்டு இருத்திவிடுகிறார்கள், சோடா கொடுக்கிறார்கள், பந்தல் கட்டுவதும் பறைமேளத்துக்கு ஆள் அனுப்புவதும் மற்றவர்களின் வேலை. மாதக்கணக்காக இப்படி மரியாதையோடு ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஒருவரிடம், “அண்ணை, அந்தக் கதிரைகளை ஒருக்கா லொறியிலை இருந்து இறக்குங்கோ” என்று ஓர் இளைஞர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்த வேகத்தை இங்கே எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இன்று நான் சொல்ல வந்தது முழுவதும் இதுதான்: திரும்பியவருக்கு உபசாரத்தைவிட வேலையும் பொறுப்பும் வேண்டும், ஊர் அவற்றைக் கொடுக்க வேண்டும், வந்தவர் கேட்டு வாங்க வேண்டும்.

காணி விடயத்தைத் தொடாமல் இதைப் பேச முடியாது. இருபது வருடம் வளவைக் கூட்டித் துப்புரவாக்கி, வேலி அடைத்து, சோலைவரி கட்டி, தென்னைக்குத் தண்ணீர் ஊற்றியவர் ஒரு பக்கம். காணி உறுதிப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு விமானத்தில் வந்து இறங்குபவர் மறு பக்கம். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, பத்து வருடம் தடையின்றி, உரியவரின் உரிமையை ஏற்காமல் தனதென்று ஆண்டவர் உரித்துக் கோரலாம். போர்ச் சூழலால் உரிமையை நிலைநாட்ட முடியாதிருந்தவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. நியாயமான சட்டம் என்பதே என் எண்ணம். ஆனால் வழக்கில் வென்றவர் அடுத்த நாள் காலையில் அதே வேலியோரத்தில்தான் பல் துலக்க வேண்டும். ஆகவே வந்திருக்கும் உறவுகளிடம் நான் வேண்டுவது: உறுதியை விரிப்பதற்கு முன், அந்த வளவை இத்தனை காலம் யார், எப்படிப் பார்த்தார்கள் என்பதை அவர்கள் வாயால் முழுவதும் கேளுங்கள்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களில் வேறொரு துயரம் இருக்கிறது. வீட்டுப் பணிப்பெண்ணாகப் போய் வருடங்கள் கழித்து வரும் தாயிடம் பிள்ளை போவதில்லை. பாட்டியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அவளையே உம்மா என்று அழைக்கிறது. சின்னப் பிள்ளைகளை விட்டுப் போகும் தாய்மாரிடம், பிள்ளைகளைப் பார்க்க ஆள் உண்டா என்று காட்டும் குடும்பப் பின்னணி அறிக்கையை 2013 முதல் அரசாங்கத்தில் கேட்டார்கள். போகும்போது இத்தனை கேட்டவர்கள், வந்தபின் அந்தத் தாயும் பிள்ளையும் எப்படி இருக்கிறார்கள் என்று அதே அக்கறையோடு கேட்டார்களா?

பத்திரங்களின் சங்கடமும் சிறிதல்ல. பிறநாட்டுக் குடியுரிமை எடுத்தவர் இலங்கைக் குடியுரிமையை இழக்கிறார். 1987இன் திருத்தம் தந்த இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் பெறாதவர், தான் பிறந்த வீட்டில் விசாவோடு இருக்கிறார். தமிழ்நாட்டு அகதி முகாம்களில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதியாமல் வந்த பெற்றோர், அடையாள அட்டைக்கு அலையும்போதுதான் அதன் தேவையை அறிகிறார்கள். வகுப்பில் அந்தப் பிள்ளைகளின் பேச்சைக் கேலிசெய்வதை ஆசிரியர்கள் ஒருநாளும் அனுமதிக்கக் கூடாது.

இவற்றுள் சிலவற்றை நாமே இலகுவாக்கலாம். எந்தப் பத்திரத்துக்கு எந்தக் கந்தோர், எந்தப் படிவம், எதன் பிரதி வேண்டும் என்பதைத் தமிழில் எழுதி, வாரத்தில் ஒரு மாலை சனசமூக நிலையத்தில் ஒரு மேசை போட்டு இருப்போம். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலைசெய்து ஓய்வுபெற்றவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். சிங்களத்தில் கடிதம் எழுதத் தெரிந்த இளையவர்களும் இருக்கிறீர்கள். திரும்பி வந்தவர்களும் அந்த மேசையில் பொறுப்பெடுத்து உட்கார வேண்டும். வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். போகும்போது பெயரையும், உங்களுக்கு வசதியான நாளையும் எழுதிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.