பேட்டரி வால்வு ரேடியோவை வீட்டு மின்சாரத்தில் இயக்குவது எப்படி?

[காட்சி: பின்மூடி கழற்றிய ரேடியோ, உள்ளே நான்கு சிறிய வால்வுகள்]

வணக்கம். மின்சாரம் எட்டாத ஊர்களுக்காகவும், கையில் தூக்கிச் செல்வதற்காகவும் 1950-களில் தயாரிக்கப்பட்ட, டிரான்சிஸ்டருக்குப் பதில் வால்வு எனும் கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் பேட்டரி ரேடியோக்களில் பல, பெரிய பழுது எதுவும் இல்லாமலேயே இன்று பேசாமல் கிடக்கின்றன. அவற்றுக்குரிய 90 வோல்ட் பேட்டரி கடைகளில் கிடைப்பதில்லை என்பதே காரணம். டி.கே.96, டி.எஃப்.96, டி.ஏ.எஃப்.96, டி.எல்.96 ஆகிய நான்கு வால்வுகள் கொண்ட ஒரு ரேடியோவுக்கு 230 வோல்ட் வீட்டு மின்சாரத்திலிருந்து சப்ளை அமைக்கும் முறையை இப்போது பார்ப்போம்.

இந்த ரேடியோவுக்கு இரண்டு சப்ளைகள் வேண்டும். வால்வுக்குள் இருக்கும் மெல்லிய கம்பியான ஃபிலமென்டைச் சூடாக்கும் எல்.டி. (லோ டென்ஷன்) 1.4 வோல்ட், முதல் மூன்று வால்வுகள் தலா 25 மில்லி ஆம்பியரும், டி.எல்.96 மட்டும் 50 மில்லி ஆம்பியரும் எடுப்பதால் மொத்தம் 125 மில்லி ஆம்பியர். வால்வுகளின் பாசிட்டிவ் தகடுகளான ஆனோடுகளுக்குரிய ஹெச்.டி. (ஹை டென்ஷன்) 90 வோல்ட், அதில் சுமார் 10 மில்லி ஆம்பியர் போதும்.

டிரான்ஸ்பார்மர் இல்லாமல், ஒரு கெபாசிட்டரை மட்டும் வைத்து மெயினிலிருந்து நேரடியாக வோல்ட்டைக் குறைக்கும் சர்க்யூட்டை இங்கே ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். பேட்டரி ரேடியோவை வடிவமைத்தவர்கள் அதன் சேசிஸில், அதாவது உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்தில், மெயின் மின்சாரம் வரும் என்று எண்ணியதே இல்லை. குமிழைப் பிடித்திருக்கும் சிறு திருகாணியைத் தொட்டாலே உயிருக்கு ஆபத்து. செல்போன் சார்ஜர் போன்ற ஸ்விட்ச் மோட் சப்ளைகளும் வேண்டாம். அவை எழுப்பும் இரைச்சல் மீடியம் வேவ் நிலையங்களை மூழ்கடித்துவிடும்.

[காட்சி: இரண்டு டிரான்ஸ்பார்மர்கள், ஃபியூஸ், மூடிய பெட்டி]

ஆகவே இரும்பு உள்ளகம் கொண்ட இரண்டு சாதாரண டிரான்ஸ்பார்மர்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது 230 வோல்ட்டை 6 வோல்ட்டாக்குகிறது. இரண்டாவது 230-க்கு 12 வோல்ட் வகை. அதைத் தலைகீழாக இணைத்து, அந்த 6 வோல்ட்டை அதன் 12 வோல்ட் சுற்றுக்குக் கொடுத்தால், மறுபக்கத்தில் 100 வோல்ட்டை ஒட்டி ஏ.சி. கிடைக்கும். இதை நான்கு 1என்4007 டயோடுகளால் ஆன பிரிட்ஜில் டி.சி.-யாகத் திருத்தி, 250 வோல்ட் தாங்கும் 47 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரில் வடிகட்டினால் சுமார் 140 வோல்ட் டி.சி. வரும். அதன்பின் தொடராக 3.3 கிலோ ஓம் ரெசிஸ்டர், குறுக்கே வோல்ட்டை நிலைநிறுத்தும் 91 வோல்ட் ஜீனர் டயோடு, இன்னொரு 47 மைக்ரோ ஃபாரட், அதன் குறுக்கே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர். ரேடியோ இணைக்கப்படாத நிலையில் மின்னோட்டம் முழுவதையும் ஜீனரே சுமக்க வேண்டியிருப்பதால் 5 வாட் வகையை வாங்குங்கள்.

எல்.டி.-யில்தான் மிகுந்த கவனம் வேண்டும். இந்த வால்வுகளில் ஃபிலமென்டே எலக்ட்ரான்களை வெளியிடும் கேத்தோடாகவும் இருப்பதால், சிறிதளவு ஏ.சி. கலந்தாலும் ஒலிபெருக்கியில் ஹம் எனும் ரீங்காரம் கேட்கும். வோல்ட் மிகுந்தால் வால்வு போய்விடும். அதே 6 வோல்ட்டைத் தனி பிரிட்ஜில் திருத்தி, 2200 மைக்ரோ ஃபாரடில் வடிகட்டி, எல்.எம்.317 ரெகுலேட்டருக்குக் கொடுப்போம். அதன் அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்ட் முனைக்கும் இடையே 120 ஓம், அட்ஜஸ்ட்டிலிருந்து மைனஸுக்கு 15 ஓம் வைத்தால் சுமார் 1.4 வோல்ட் வரும். வெறும் ரெசிஸ்டரால் வோல்ட்டைக் குறைப்பவர்களும் உண்டு. ஆனால் ஒரு வால்வை உருவிய உடனே மற்ற மூன்றுக்கும் வோல்ட் ஏறிவிடும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

[காட்சி: மைனஸ் முனைகளின் நெருக்கக் காட்சி]

இரண்டு சப்ளைகளின் மைனஸ்களையும் பெட்டிக்குள் ஒன்றாக இணைத்துவிடலாம் என்றுதான் பலருக்கும் தோன்றும். கூடாது. டி.எல்.96-இல் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்கு, பயாஸ் எனப்படும் சுமார் 5 வோல்ட் நிலையான நெகட்டிவ் மின்னழுத்தம் வேண்டும். பல ரேடியோக்களில் ஹெச்.டி. மைனஸுக்கும் சேசிஸுக்கும் நடுவே 560 ஓம் போன்ற ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது. அதன் வழியே 9 மில்லி ஆம்பியர் பாயும்போது பிறக்கும் 5 வோல்ட்தான் அந்தப் பயாஸ். மைனஸ்களை இணைத்தால் அந்த ரெசிஸ்டர் ஷார்ட் ஆகி, பயாஸ் மறைந்து, ஒலி சிதைந்து, டி.எல்.96 அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு சீக்கிரமே தேய்ந்துபோகும். இரண்டாவது டிரான்ஸ்பார்மர் ஹெச்.டி.-யைத் தனியாகப் பிரித்தே தருகிறது. அந்தப் பிரிவைக் கெடுக்காமல் நான்கு கம்பிகளையும் தனித்தனியாகவே ரேடியோவுக்குக் கொண்டுசெல்லுங்கள். எல்.டி.-க்கும் ஹெச்.டி.-க்கும் ஒன்றில் மற்றொன்று நுழையாத வெவ்வேறு பிளக்குகளைப் போடுங்கள். தவறிப்போய் 90 வோல்ட் ஃபிலமென்டில் ஏறினால் நான்கு வால்வுகளும் ஒரே நொடியில் போய்விடும்.

மெயின் லைனில் ஃபியூஸ், உலோகப் பெட்டியானால் எர்த் இணைப்பு, இரண்டும் கட்டாயம். மெயின் வயரிங்கில் பழக்கமில்லாதவர்கள் அந்தப் பகுதியை எலக்ட்ரீஷியனிடம் விடுவது நல்லது.

ரேடியோவை இணைக்கும் முன், எல்.டி.-யில் 11 ஓம், ஹெச்.டி.-யில் 2 வாட் திறனுள்ள 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை வைத்து வோல்ட்டை அளந்து பாருங்கள். ரேடியோவுக்குள் டி.எல்.96-இன் கிரிட்டுக்கு வரும் பழைய காகிதக் கெபாசிட்டரைச் சோதித்துக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள். அது கசிந்தாலும் பயாஸ் கெடும். முதலில் எல்.டி.-யை மட்டும் கொடுத்து, வால்வு சாக்கெட்டிலேயே 1.4 வோல்ட்டைத் தாண்டவில்லை என்று உறுதி செய்யுங்கள். ஃபிலமென்ட் ஒளிர்வது கண்ணுக்குத் தெரியவில்லையே என்று வோல்ட்டைக் கூட்ட வேண்டாம். இந்த வகை வால்வுகளில் அது இருட்டில்கூட அரிதாகத்தான் தெரியும். பிறகு ஹெச்.டி.-யைக் கொடுத்து, பயாஸ் ரெசிஸ்டரின் குறுக்கே 5 வோல்ட்டை ஒட்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு நிலையங்களைத் தேடத் தொடங்கலாம்.