கம்பத்தின் எண்ணைச் சொல்லுங்கள்

அவைத்தலைவர் அவர்களே, நமது தமிழ்ப் பள்ளியின் முதல்வர் அம்மா அவர்களே, கல்லூரி மாவட்ட அறங்காவலர் குழுவிலிருந்து நமக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து வந்திருக்கும் பெருமதிப்பிற்குரிய உறுப்பினர் அவர்களே, அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து என் பேச்சை அவர் காதில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் மாணவர் அறங்காவலர் தம்பி அவர்களே, ஒலிபெருக்கியோடு காலையிலிருந்து போராடிக்கொண்டிருக்கும் தொண்டர்களே, பெற்றோர்களே, எல்லோருக்கும் மேலாக, யாருக்காக இந்தக் கூட்டமோ அந்த மாணவச் செல்வங்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எனக்கும் சேர்த்துப் பொன்னாடை போர்த்திவிட்டார்கள், நன்றி. அறங்காவலரை வரவழைத்த செயலாளருக்குத் தனி நன்றி. கல்லூரியைக் குறைசொல்லும் இடம் வரும்போது தம்பி கொஞ்சம் மெதுவாக மொழிபெயர்க்கட்டும். பாராட்டும் இடம் வந்தால் உரக்கவே சொல்லலாம்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்தப் பழமொழியை இன்று நான் பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்து செய்திகளைப் பேச வந்திருக்கிறேன். சமுதாயக் கல்லூரியில் குறையை யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது, அறங்காவலர் கூட்டத்தில் எப்படிப் பேசுவது, கல்லூரியின் பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது, ஐந்தாவதாகப் பெற்றோர் செய்யக்கூடியது என்ன.

அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரி 1901-இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட்டில் தொடங்கியது. இன்று நம் கலிபோர்னியாவில் மட்டும் 73 கல்லூரி மாவட்டங்கள், அதாவது ஒன்றோ பலவோ கல்லூரிகளை நடத்தும் அமைப்புகள், 116 கல்லூரிகள். மாநிலத்தில் வசிப்பவருக்குக் கட்டணம், பாடத்தின் அளவான யூனிட் ஒன்றுக்கு 46 டாலர். 2012 கோடையிலிருந்து அந்தத் தொகை ஏறவில்லை. பகலில் வேலை, இரவில் வகுப்பு, இரண்டு வருடத்தில் பல்கலைக்கழகத்துக்கு மாற்றம் என்று வாழ்கிற பிள்ளைகள் இவர்கள். விடுதி பெரும்பாலும் கிடையாது. வகுப்பு முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால்தான் இங்கே குறைகள் காற்றோடு போகின்றன. சொல்ல வேண்டியவன் அடுத்த செமஸ்டரில் அங்கே இருக்கமாட்டான்.

முதல் செய்தி, யாரிடம் சொல்வது. நம் பிள்ளைகள் செய்கிற முதல் தவறு, எல்லாவற்றையும் கல்லூரித் தலைவருக்கு எழுதுவது. தலைவர் அதைத் துணைத் தலைவருக்கு அனுப்புவார், அவர் டீனுக்கு, டீன் பராமரிப்புத் துறைக்கு. குழாய் ஒழுகுகிற இடத்துக்குக் கடிதம் வந்துசேரும்போது தேர்வு முடிந்திருக்கும். விளக்கு, குழாய், ஏசி, கதவு என்றால் பராமரிப்புத் துறையின் ஒர்க் ஆர்டர் படிவம், அதாவது பழுதுபார்க்கச் சொல்லும் படிவம். வைஃபை, பிரிண்டர், உள்நுழைவு என்றால் ஐ.டி. உதவி மையம். மதிப்பெண் தகராறு என்றால் ஆசிரியர், பிறகு துறை, பிறகு டீன். அதைப் பொதுக்கூட்டத்தில் எழுந்து சொல்லவே வேண்டாம், உங்கள் கல்விப் பதிவை நீங்களே ஊர் முன்னால் விரித்ததாக ஆகிவிடும். பல கல்லூரிகள் உள்ள மாவட்டம் என்றால், கல்லூரிக்குத் தலைவர் வேறு, மாவட்டத்துக்குச் சான்சலர் வேறு. கழிவறைக் கதவுக்காகச் சான்சலரைத் தேடிப் போகாதீர்கள்.

லிஃப்ட் விஷயம் தனி. சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்கு லிஃப்ட் நின்றால் வகுப்பே நின்றது. 1990-ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்தப் பொது நிறுவனமும் இதற்கென ஓர் அதிகாரியை நியமித்து, முறையீட்டு வழிமுறையை வெளியிட்டிருக்க வேண்டும். லிஃப்ட், சாய்தளம் போன்றவற்றை ஓடும் நிலையில் வைத்திருப்பதும் அந்தச் சட்டத்தின் விதிகளிலேயே இருக்கிறது. பழுதுபார்க்கக் கொஞ்ச நாள் நிற்கலாம். மாதக்கணக்கில் நிற்கக் கூடாது. ஆகவே அந்தப் புகார் பராமரிப்புத் துறைக்கு ஒன்று, அந்த அதிகாரிக்கு ஒன்று என்று ஒரே நாளில் இரண்டாகப் போக வேண்டும்.

இரண்டாவது, எப்படிச் சொல்வது. இங்கேதான் ஒரு கதை. எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். கேட்கிறவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கல்லூரி என்றே நினைக்கிறார்கள்.

அந்தக் கல்லூரியின் பின்பக்கத்து வாகன நிறுத்தம். நவம்பர் மாதம். இரவு வகுப்பு 9.50-க்கு முடியும். பிள்ளைகள் வெளியே வந்தால் கும்மிருட்டு. ஒருத்தி போனில் இருக்கிற டார்ச்சை அடித்துத் தன் காரைத் தேடுகிறாள். இன்னொருவன் அடுத்தவன் காரைத் திறக்கப் பார்த்து அலாரம் அடிக்கிறது. ஆசிரியரிடம் சொன்னார்கள். அவர் பாவம், தன் காரையே தேடிக்கொண்டிருந்தார். வளாகக் காவலரிடம் சொன்னார்கள். அவர் ரோந்து வண்டியின் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு சுற்று சுற்றினார். அது அவர் செய்யக்கூடியது, செய்தார். பிறகு கையெழுத்து இயக்கம். ‘போதிய வெளிச்சம் இல்லை’ என்று ஒரு மனு, இருநூறு கையெழுத்து, கல்லூரித் தலைவர் கையில் கொடுத்துப் புகைப்படம்.

தலைவர் நல்லவர். மனுவைப் படித்தார். ‘போதிய வெளிச்சம் இல்லை’ என்றால் என்ன அர்த்தம்? விளக்குக் கம்பம் போதவில்லை என்றுதானே அர்த்தம்! வெளிச்ச ஆய்வுக்கு உத்தரவு போட்டார். ஆய்வாளர் எப்போது வந்தார்? சாயங்காலம் ஏழு மணிக்கு. எல்லா விளக்கும் ஜெகஜோதியாக எரிகிறது. அவர் மீட்டரைப் பிடித்து அளந்துபார்த்து, ‘நன்றாகத்தான் இருக்கிறது, வேண்டுமானால் ஓரத்தில் நான்கு கம்பம் கூட்டலாம்’ என்று எழுதிவிட்டுப் போனார். நான்கு கம்பம் என்றால் பள்ளம் தோண்ட வேண்டும், கேபிள் இழுக்க வேண்டும், டெண்டர் விட வேண்டும். அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் பார்க்கலாம் என்று கோப்பு மேலே போனது. மார்ச் வந்தது. விளக்கு தானாகவே சரியாக எரிய ஆரம்பித்தது! நிர்வாகம் என்ன நினைத்தது? பிரச்சினை தீர்ந்தது. பிள்ளைகள் என்ன நினைத்தார்கள்? நம் மனு ஜெயித்தது. கேக் வெட்டினார்களாம். அடுத்த நவம்பர் வந்தது, மறுபடியும் கும்மிருட்டு. மனு கொடுத்தவர்களில் பாதிப் பேர் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்கள். புதிய பிள்ளைகள் புதிதாக ஒரு மனு எழுத உட்கார்ந்தார்கள்.

அதே கல்லூரியில் இரவில் எலெக்ட்ரீஷியன் வகுப்பு படிக்கிற ஒரு பையன். அவன் மனுவில் கையெழுத்துப் போடவில்லை. நிறுத்தத்தில் நின்று பார்த்தான். விளக்குகள் ஒவ்வொன்றாகச் சாகவில்லை, சரியாக 9.30-க்கு மொத்தமாக அணைகின்றன. ஒரே ஒரு விளக்கு எரியவில்லை என்றால் அந்த விளக்கோ, அதற்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் என்ற கருவியோ போயிருக்கும். ஒரு வரிசை எரியவில்லை என்றால் அந்த வரிசையின் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரைப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே நிமிடத்தில் அணைந்தால் எங்கோ ஒரு கடிகாரம் அணைக்கிறது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். நான்கு இரவு நேரத்தைக் குறித்தான். கம்பங்களில் ஒட்டியிருக்கும் எண்களைக் குறித்தான். ஒர்க் ஆர்டர் படிவத்தில் மூன்று வரி எழுதினான்: இந்த நிறுத்தம், இந்த எண்ணிலிருந்து இந்த எண்வரை உள்ள கம்பங்கள், தினமும் 9.30-க்கு எல்லாம் ஒன்றாக அணைகின்றன, வகுப்பு முடிவது 9.50.

பராமரிப்புத் துறைக்காரர் போய் மின்பெட்டியைத் திறந்தார். உள்ளே பழைய டைம் கிளாக். 10.30-க்கு அணைக்கும்படி வைத்திருந்தது. கோடைகால நேரம் முடிந்து, நவம்பர் முதல் ஞாயிறன்று ஊரெல்லாம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியது. பெட்டிக்குள் இருந்த கடிகாரத்தை யாரும் தள்ளவில்லை. ஊருக்கு 9.30 ஆகும்போது அதற்கு 10.30. மார்ச் இரண்டாம் ஞாயிறு ஊர் கடிகாரம் முன்னால் வந்ததும் இரண்டும் ஒத்துப்போய்விட்டன. விரலால் முள்ளை ஒரு மணி நேரம் திருப்பினார். செலவு பூஜ்யம்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும், சரி. இருநூறு வாய் கத்தியதில் கடிகாரம் நகரவில்லையே! கம்பத்தின் எண்ணைச் சொன்ன வாய்தான் பிழைத்தது.

வைஃபைக்கும் இதே கணக்குத்தான். ‘நெட் வரவில்லை’ என்று எழுதினால் உதவி மையம் ‘ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்’ என்று பதில் போட்டு, டிக்கெட் என்கிற புகார்ப் பதிவை மூடும். கட்டடம், அறை எண், நேரம், எந்த நெட்வொர்க், எத்தனை பேருக்கு வரவில்லை என்று எழுதுங்கள். மடிக்கணினியில், நெட்வொர்க் அதற்குக் கொடுக்கும் ஐ.பி. முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று ஆரம்பித்தால் சிக்னல் இருந்தும் முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். பெரிய வகுப்பு மாறும் நேரத்தில் மட்டும் பலருக்கும் இப்படி வந்தால், கொடுக்க வேண்டிய முகவரிகள் தீர்ந்துபோயிருக்க வாய்ப்பு உண்டு. அந்த ஒரு எண்ணைப் பார்த்ததும் ஐ.டி.காரர் நிமிர்ந்து உட்காருவார். படம் எடுத்தால் முகங்கள் வராமல் எடுங்கள். டிக்கெட் எண்ணைக் குறித்து வையுங்கள். அடுத்த கடிதத்தின் முதல் வரி அந்த எண்தான்.

ஒரு சிலவற்றுக்குச் சட்டமே இருக்கிறது, கெஞ்ச வேண்டியதில்லை. மாதவிடாய்ப் பொருள்களைச் சமுதாயக் கல்லூரி வளாகம் ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு பொது இடத்தில் இலவசமாக வைக்க வேண்டும் என்பது 2021-இல் நிறைவேறிய மாநிலச் சட்டம். பெட்டி காலியாக இருந்தால், காலியாக இருந்த நாள்களைக் குறித்து எழுதினாலே போதும்.

இப்போது நான் எதற்காக வந்தேனோ அதற்கு வருகிறேன். மூன்றாவது செய்தியும் இதற்குள்ளேயே அடங்கும்.

அந்த நவம்பர் இருட்டு ஏன் இரண்டாம் முறை வந்தது? போன வருடப் புகாரும் இந்த வருடப் புகாரும் பக்கத்துப் பக்கத்து வரியில் யார் கண்ணிலும் படவில்லை. பட்டிருந்தால் பத்து வயதுப் பிள்ளைகூட ‘அதென்ன, நவம்பரில் மட்டும்?’ என்று கேட்டிருக்கும். ஆகவே நாம் கேட்பது ஒன்றே ஒன்று: பொது முறையீட்டுப் பதிவேடு. கல்லூரியின் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி. புகார் எண், வந்த தேதி, இடம், எந்தத் துறை, என்ன செய்தார்கள், முடிந்த தேதி. மாணவர் பெயர் வேண்டாம், மதிப்பெண், ஒழுங்கு நடவடிக்கை, உடல்நலம் எதுவும் அதில் வரக் கூடாது. புதிய மென்பொருள் வாங்கச் சொல்லவில்லை. ஒர்க் ஆர்டர் முறையில் இந்த விவரங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. வாரம் ஒரு முறை எடுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். ‘செய்ய முடியாது, பணமில்லை’ என்பதும் ஒரு பதில்தான். அதையும் பதிவேட்டில் எழுதட்டும்.

அறங்காவலர் அவர்கள் புன்னகைக்கிறார்கள். தம்பி சரியாகத்தான் மொழிபெயர்க்கிறார் போலிருக்கிறது.

இதைக் கேட்க நமக்கு என்ன உரிமை? 1988-இல் வந்த ஏபி 1725 என்ற கலிபோர்னியச் சட்டமும் அதை ஒட்டிய விதிகளும், மாணவர்களைப் பெரிதும் பாதிக்கும் கொள்கைகளில் மாணவர் பங்கேற்பு வேண்டும் என்கின்றன. அந்தப் பட்டியலில் மாணவர் சேவைகளைத் திட்டமிடுவதும் இருக்கிறது. செமஸ்டர் தோறும் மாணவர் பிரதிநிதித்துவக் கட்டணம் என்று 2 டாலர் கட்டுகிறீர்களே, வேண்டாமென்று மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. கட்டினால் அதற்கான வேலையை வாங்குங்கள். மாணவர் அறங்காவலர் தம்பியின் வாக்கு ஆலோசனை வாக்குத்தான், மூடிய அமர்வுக்குள் அவர் போக முடியாது. ஆனால் திறந்த அமர்வில் அவர் சொன்னது குறிப்பேட்டில் ஏறும்.

பொது அமைப்புகளின் கூட்டங்கள் திறந்து நடக்க வேண்டும் என்கிற 1953-ஆம் ஆண்டின் பிரௌன் சட்டப்படி வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே ஒட்டியாக வேண்டும். கூட்டத்தில் பொதுமக்கள் பேச இடம் தர வேண்டும். பலர் இங்கே ஏமாறுகிறார்கள்: நிகழ்ச்சிநிரலில் இல்லாத ஒன்றைப் பேசினால் குழு அன்றைக்கு முடிவெடுக்க முடியாது. சுருக்கமாகப் பதில் சொல்லலாம், அலுவலரிடம் ஒப்படைக்கலாம். ‘முகத்தைக்கூடப் பார்க்கவில்லை’ என்று கோபித்துக்கொண்டு வெளியேறாதீர்கள். சட்டம் அவர்கள் வாயைக் கட்டியிருக்கிறது. பேச்சுக்குப் பல இடங்களில் மூன்று நிமிடம்தான் தருவார்கள். ஆங்கிலத்தில் 350 சொல்லுக்குள் எழுதிக்கொண்டு போங்கள். முதல் வரியிலேயே என்ன வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஐந்து பேர் போனால் ஐந்து பேரும் ஒரே குறையைச் சொல்லாதீர்கள்: ஒருவர் விளக்கு, ஒருவர் லிஃப்ட், ஒருவர் வைஃபை, ஆனால் கோரிக்கை ஒன்று, பதிவேடு. குழுவை விமர்சிப்பதை அவர்கள் தடுக்க முடியாது. ஆனாலும் குரலை உயர்த்தாதீர்கள். வாயுள்ள பிள்ளை என்றால் வாயாடிப் பிள்ளை என்று யாரும் சொல்லவில்லை.

மணி அடிக்கிறார்கள். நான்காவது, பணம். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். வாக்காளர்களின் 55 சதவீத வாக்கில் நிறைவேறும் கட்டடப் பத்திரப் பணத்தை, அதாவது கட்டடத்துக்காக வாங்கும் கடன் பணத்தை, சம்பளத்துக்கோ அன்றாடச் செலவுக்கோ தொட முடியாது. அதைக் கண்காணிக்கும் குடிமக்கள் குழுவில் ஒரு மாணவருக்குச் சட்டப்படியே இடம் உண்டு. அந்த நாற்காலி உங்கள் மாவட்டத்தில் காலியாக இருக்கிறதா என்று இன்றிரவே பாருங்கள். மற்றதைப் பேச நேரமில்லை. ஐந்தாவது, பெற்றோர் பற்றியது. செயலாளர் கைக்கடிகாரத்தையே பார்க்கிறார், அதை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வோம்.

மாவட்டத்தின் அலுவல் சார்ந்த ஒன்றை நிகழ்ச்சிநிரலில் சேர்க்கச் சொல்லும் உரிமை பொதுமக்களுக்கு மாநிலக் கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. எத்தனை நாள் முன்பு, யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது ஒவ்வொரு மாவட்டத்தின் விதியிலும் வேறுபடும். அறங்காவலர் குழுவின் அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். பதிவேட்டுக் கோரிக்கையின் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. பெயர், கல்லூரி, மின்னஞ்சல் மட்டும் எழுதுங்கள், மாணவர் அடையாள எண்ணை எழுதாதீர்கள். கோரிக்கை என்ற கட்டத்தில் மூன்று வரி விட்டிருக்கிறோம். உங்கள் வளாகத்தில் இப்போது கெட்டுக் கிடக்கும் ஒன்றை, அறை எண்ணோ கம்பத்தின் எண்ணோ சேர்த்து எழுதுங்கள். அறங்காவலர் அவர்கள் போகும்போது கட்டோடு கையில் கொடுக்கிறோம். நன்றி, வணக்கம்.