எல்லாம் பழையதுதானே? ஓல்ட், ஏன்ஷியன்ட், ஆன்டிக், வின்டேஜ்

அடுத்த கேள்வி, காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி அனுப்பியது. 'கடைக்கு வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வருகிறார்கள். சாமான்களில் கட்டும் சீட்டில் ஓல்ட், ஏன்ஷியன்ட், ஆன்டிக், வின்டேஜ் என்று வாய்க்கு வந்ததை எழுதுகிறேன். எல்லாம் பழையதுதானே, எதை எழுதினால் என்ன?' என்கிறார்.

சரி தம்பி, முதலில் ஏன்ஷியன்டைத் தூக்கிவிடுங்கள். அது ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுச் சங்கதி. பிள்ளையார்பட்டிக் குடைவரைக்குச் சொல்லலாம். நம் பக்கத்துப் பெரிய வீடுகளே பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் கட்டியவை. அந்த வீட்டு அடுப்படியிலிருந்து வந்த எனாமல் தூக்குக்கு ஏன்ஷியன்ட் என்று எழுதினால், வாங்க வந்தவர் சிரித்துக்கொண்டே விலையைப் பாதியாகக் கேட்பார்.

ஓல்ட் எதற்கும் செல்லும், பெருமைதான் ஏறாது. ஓட்டை விழுந்த வாளியும் ஓல்ட்தான்.

கவனம் வேண்டியது ஆன்டிக்கில். பழையதாக இருந்தால் மட்டும் போதாது, சேர்த்துவைக்கிற மதிப்பும் வேண்டும். வயது பொதுவாக 100 ஆண்டுக்கு மேல். நம் நாட்டின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் வரலாற்று மதிப்புள்ள பொருள்களுக்கு அதே 100 ஆண்டைத்தான் கோடாகப் போட்டிருக்கிறது. ஏட்டுச்சுவடி, ஆவணம் என்றால் 75. 100 ஆண்டு தாண்டியிருந்தால், கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளும் சட்டத்தில் அடங்கும். உங்கள் கடைத் தூணையும் கதவையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சட்டத்துக்குள் வருவதைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. 60 வயதுப் பெட்டகத்துக்கு ஆசைப்பட்டு ஆன்டிக் என்று பில் போட்டால், வாங்கியவர் விமான நிலையத்தில் பதில் சொல்லிக்கொண்டு நிற்க நேரலாம்.

அப்புறம் வின்டேஜ். திராட்சை அறுவடை ஆண்டையும் அந்த ஆண்டு ஒயினையும் குறித்த சொல் இது. இன்று, ஒரு காலத்தின் பாணியை அப்படியே காட்டும் பொருளுக்கு வரும். வால்வு ரேடியோ, சாவி கொடுக்கும் கடிகாரம், ஏன், நல்ல பழைய கண்டாங்கிச் சேலைக்கும் எழுதலாம். பக்கத்தில் 1950கள், 1960கள் என்று காலத்தையும் போடுங்கள். அது இல்லாத வின்டேஜ் வெறும் அலங்காரம்.

வயதே தெரியாத சாமானா? பேசாமல் ஓல்ட் என்று எழுதி, கூடவே பர்மா தேக்கு, ஸ்வீடன் எனாமல் என்று தெரிந்ததைச் சேர்த்து எழுதுங்கள். விலை பேச அது போதும்.