டிலனாய் கோட்டைக்கு எத்தனை வேலை!

[காட்சி: நாகர்கோவில் – தக்கலை பஸ், ஜன்னலோரம்]

வில்லுக்குறி தாண்டி புலியூர்க்குறிச்சி வந்ததும் ஒரு கருங்கல் மதில் தெரிகிறதே, அதுதான் உதயகிரிக் கோட்டை. ஊர்க்காரர்களுக்கு டிலனாய் கோட்டை. திருத்திக் கட்டச் சொன்னது திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா. பேர் என்னவோ அவரிடம் தோற்ற வெள்ளைக்காரருக்குப் போய்விட்டது.

[காட்சி: குளச்சல், வெற்றித் தூண்]

1741 ஆகஸ்ட் 10. குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் டச்சுக் கம்பெனி தோற்றது. பிடிபட்டவர்களில் யூஸ்டேசியஸ் டி லனாய் ஒருவர். ராஜா அவர் தலையை எடுக்கவில்லை, வேலை கொடுத்தார். 17ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்று உதயகிரியில் ஏற்கெனவே இருந்தது. அதை டி லனாய் மேற்பார்வையில் திருத்திக் கட்டினார்கள். ஒரு குன்றையே மதிலுக்குள் வளைத்துப் போட்டிருக்கிறார்கள், பாருங்கள். உள்ளே சிப்பாய்களுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி, பீரங்கி வார்க்கும் உலை. கைதியாக வந்தவர் ‘வலிய கப்பித்தான்’, அதாவது பெரிய படைத்தலைவர் ஆனார்.

இவ்வளவும் எதற்கு? பக்கத்திலேயே பத்மநாபபுரம், அன்றைய திருவிதாங்கூரின் தலைநகர். அதைக் காக்க வேண்டாமா?

[காட்சி: மதில் மேலிருந்து குன்று]

1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. கோட்டை சும்மா கிடக்கவில்லை. திப்பு சுல்தானோடு நடந்த போரில் பிடிபட்டவர்களுக்கு இது சிறையாகவும் இருந்திருக்கிறது. 1809இல் திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தபோது, ஆங்கிலக் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி வழியாகப் புகுந்து கோட்டையைப் பிடித்தது. அப்புறம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அவர்களுடைய படைதான் இங்கே தங்கியது.

[காட்சி: மான்கள், குடும்பத்தோடு வந்தவர்கள்]

இன்று இது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. ஆனாலும் பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரள அரசுதான் இன்றும் பராமரிக்கிறது. காவலுக்குக் கட்டிய கோட்டை ஒரு மாநிலத்தின் கையில், அரண்மனை இன்னொரு மாநிலத்தின் கையில். எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் இதுதான்.

[காட்சி: கூரையில்லாத தேவாலயம்]

மான் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். இந்த இடிந்த தேவாலயத்துக்குள் வாருங்கள். 1777இல் இறந்த டி லனாய் இங்கேதான் கிடக்கிறார், மனைவியும் மகனும் பக்கத்தில். கல்லறைக் கல்லில் லத்தீன் எழுத்து. நமக்கு லத்தீன் வராது, சரி. தமிழிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன், நீங்களே படித்துப் பாருங்கள்.