துடைத்தது வாந்தியை மட்டுமா?

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். வாழ்த்தும் வரவேற்பும் எனக்கு முன்னால் பேசியவர்கள் குறையில்லாமல் சொல்லிவிட்டார்கள். எனக்கு எட்டு நிமிடம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

"காவலர் கதையில் நெஞ்சில் நிற்பது வேட்டையா, வேலையா?" என்பது தலைப்பு. நான் வேலையின் பக்கம். கையில் எடுத்திருப்பது ஒரே ஒரு கொரியத் தொடர், 'லைவ்'. 2018 மார்ச்சில் தொடங்கி மே முதல் வாரத்தில் முடிந்தது. டிவிஎன் சேனலில் சனியும் ஞாயிறுமாக 18 பாகங்கள். எழுதியவர் நோ ஹீ-கியோங், இயக்கியவர் கிம் கியூ-தே. சியோல் நகரத்தில் ஹோங்இல் என்று ஒரு ரோந்துக் காவல் நிலையம், கற்பனைப் பெயர்தான். 112 என்ற காவல்துறை அவசர எண்ணை யார் சுழற்றினாலும் முதலில் ஓட வேண்டியவர்கள் இவர்கள். கொலையைத் துப்புத் துலக்கிப் பெயர் வாங்குவது வேறு பிரிவு. இவர்கள் கதவைத் தட்டுகிறவர்கள், கூட்டத்தை விலக்குகிறவர்கள், விடியும்வரை வாசலில் காவல் நிற்கிறவர்கள்.

இதற்கு மேல் ஒழுங்காக வாதம் அடுக்கத்தான் குறிப்பெடுத்து வந்தேன். எதிரணித் தம்பி அதைக் கெடுத்துவிட்டார். என்ன சொன்னார்? "பதினெட்டு பாகம் உட்கார்ந்து பார்த்தேன் ஐயா, திருடனைப் பிடித்ததைவிட வாந்தி துடைத்ததுதான் அதிகம். இதற்கு எதற்குத் தொப்பி, எதற்குத் துப்பாக்கி, ஒரு துடைப்பம் போதுமே!" என்றார். அவை கைதட்டியது. நடுவர் அவர்களும் சிரித்தீர்கள், பார்த்தேன். இந்த ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன்.

தம்பி, அந்தத் துடைப்பத்தைப் பிடித்தவன் யார் என்று பார்த்தீர்களா? யோம் சாங்-சூ. வேலை கிடைத்துவிட்டது என்று நம்பிச் சேர்ந்த நிறுவனம் மோசடி நிறுவனம் என்று தெரிந்து, தெருவில் நின்றவன். அவனோடு பயிற்சிக்கு வந்தவள் ஹான் ஜங்-ஓ. ஒற்றைத் தாய் வளர்த்த பெண். நேர்முகத் தேர்வுக்கு நேர்முகத் தேர்வாக ஏறி இறங்கி, ஆண் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற இடம் தனக்குக் கிடைக்காமல் சலித்து, பரீட்சை எழுதினால் மதிப்பெண்ணாவது என்னைப் பெண் என்று பார்க்காது என்று காவல்துறைக்கு வந்தவள். கனவு கண்டு வந்தவர்கள் இல்லை ஐயா இவர்கள், பிழைக்க வந்தவர்கள். பயிற்சிப் பள்ளியில் எலும்பு நொறுங்கத் தேர்ந்து, சீருடை போட்டு, நிலையத்தில் கால் வைத்தால் அவர்களை வரவேற்றவர் யார்? குடித்துவிட்டு நிற்க முடியாத ஒரு மனிதர்.

இந்த இடத்தில் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தத் தொடரை நான் என் அம்மாவோடு பார்த்தேன். அம்மாவுக்கு 68 வயது. கொரிய மொழி தெரியாது, ஆங்கில சப்டைட்டிலும் ஓடாது. நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல அவர் பார்ப்பார். பெயர்கள் வாயில் நுழையவில்லை. சாங்-சூவாக நடித்த லீ குவாங்-சூ நல்ல உயரம் இல்லையா? கொரியாவில் அவரை ஒட்டகச்சிவிங்கி என்றே செல்லமாக அழைப்பார்கள். அம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: "நெட்டைப் பிள்ளை."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நெட்டைப் பிள்ளை ஒரு குடும்ப உறுப்பினர். நான் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வரும். "இன்றைக்கு நெட்டைப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று?" அம்மா, நீங்கள் இல்லாமல் நான் பார்ப்பேனா? "அதற்கில்லை, நேற்று சாப்பிடாமலே ஓடினானே, அதுதான் கேட்டேன்." நான் சாப்பிட்டேனா என்று ஒரு வார்த்தை இல்லை, நடுவர் அவர்களே! தட்டில் சோறு போட்டுக்கொண்டே மறுபடியும், "பாவம், ராத்திரி வேலை, வயிறு என்னத்துக்கு ஆகும்?" மறுநாள் வந்தால், "அந்தப் பெரியவர் இன்னும் அவனைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாரா?" பெரியவர் என்றால் ஓ யாங்-சோன். பயிற்சிப் பள்ளியில் இந்தப் பிள்ளைகளை வாட்டி எடுத்தவர், பிறகு அதே நிலையத்தில் அவனுக்கு மூத்த கூட்டாளியாக வந்து சேர்ந்தவர். "திட்டுகிற வாய்தான் காப்பாற்றும், பார்த்துக்கொண்டே இரு" என்று அம்மா மூன்றாம் நாளே சொன்னார். கதாசிரியர் பதினெட்டு பாகம் எழுதிச் சொன்னதை அவர் அடுப்படியில் நின்று சொல்லிவிட்டார்.

சரி, தம்பி சொன்ன வாந்திக்கு வருகிறேன். அந்தக் காட்சி வந்தது. சாப்பிடுகிற நேரம். முகம் சுளித்து, நான் ரிமோட்டை எடுத்தேன், ஓட்டிவிடலாம் என்று. அம்மா என் கையைப் பிடித்தார். "ஓட்டாதே" என்றார். அருவருப்பாக இருக்கிறது அம்மா என்றேன். "யார் பெற்ற பிள்ளையோ துடைக்கிறான். நீ பார்ப்பதற்கு என்ன?" என்றார்.

தம்பி, நீங்கள் சிரித்த இடத்தில் என் அம்மா சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஏன் என்று எனக்கு உடனே தெரியவில்லை. பிறகு சாங்-சூவின் தாய் என்ன வேலை செய்கிறார் என்று தொடரில் வந்தது. துப்புரவு வேலை. கட்டடங்களைத் துடைத்து அவனை வளர்த்தவர். அந்தப் பெண் திரையில் வந்ததும் அம்மா சப்டைட்டில் கேட்கவில்லை, என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவையோரே, என் அம்மா 22 ஆண்டுகள் ஒரு மருத்துவமனையில் வார்டு துடைத்தவர். நான் படித்த படிப்பு அந்தப் பினாயில் வாளியிலிருந்து வந்தது.

துடைப்பம் போதும் என்றீர்களே தம்பி. போதும்தான். துடைப்பம் பிடித்தவர்கள் பிள்ளைகளை வளர்த்துவிட்டார்கள்.

மணி அடிக்கிறது. இன்னும் இரண்டே விஷயம். நிலையத் தலைவர் கி ஹான்-சோல், சியோங் தோங்-இல் நடித்தது. புற்றுநோயை உடம்பில் வைத்துக்கொண்டு, சத்தம் போட்டுக்கொண்டே, தன் ஆட்களுக்காக மேலிடத்தில் மல்லுக்கு நிற்பார். ஓய்வை நெருங்கிய லீ சாம்-போ என்று ஒரு முதியவர், விடலைப் பையன்களிடம் அடி வாங்கிவிட்டு யாரிடமும் சொல்லாமல் மறைப்பார். இந்த வயதில் எந்த முகத்தோடு சொல்வது? அந்த முகத்தை எந்த வேட்டைக் கதை காட்டியது, எதிரணி சொல்லட்டும்.

தொடரின் கடைசிக் கட்டம். யாங்-சோனைக் கத்தியால் குத்தி வீழ்த்துகிறான் ஒருவன். சாங்-சூ சுடுகிறான். அவனுக்குக் கிடைத்தது பதக்கம் அல்ல, விசாரணை. ஏன் சுட்டாய் என்று கேள்விமேல் கேள்வி. அப்போது காயம் ஆறாத யாங்-சோன் எழுந்து பேசுகிறார். மக்கள் உயிரை உன் உயிருக்கு மேலாக நினை என்று இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேனே, ஆபத்து வந்தால் ஓடிவிடு, உன் குடும்பத்தைப் பார் என்றல்லவா சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்று குமுறுகிறார். அந்தப் பேச்சைத் தமிழில் சொல்ல வந்த எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. சொல்லவே முடியவில்லை. அம்மா திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"என்னடா, நெட்டைப் பிள்ளைக்கு வேலை போய்விட்டதா?"

இல்லை அம்மா, போகவில்லை.

"சரி" என்றார். இரவு எட்டு மணிக்குப் போட வேண்டிய மாத்திரையை அப்போதுதான் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

வணக்கம்.