விளக்கு ஏத்தியாச்சா?

(கோத்தகிரியில் மகளிர் குழுக்களின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பனியிலும் இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். கொரோனா காலத்தில் ஏழைப் பெண்களின் மனநலம் பற்றிப் பேசச் சொன்னார்கள். மனநலம் என்ற சொல்லை நம் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில், அந்த வரிசை வீடுகளில், நான் கேட்டதே இல்லை. "நெஞ்சு படபடங்குது", "தலை கிறுகிறுங்குது", "ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை" என்றுதான் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்து, சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வேறு எதையும் யாரும் கேட்பதில்லை, இவர்களும் சொல்வதில்லை.

2020 மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு வந்தது. ஏப்ரலில், பாதி ஆட்களை வைத்துத் தேயிலை வேலை நடத்தலாம் என்றார்கள். இன்றைக்கு நீ, நாளைக்கு நான். பாதிக் கூலியில் எப்படிச் சமாளித்தோம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரேஷன் அரிசி இருந்தது, கார்டுக்கு ஆயிரம் ரூபாய் வந்தது, அது வந்த வழியே போனது.

ஆனால் கூலியோடு இன்னொன்றும் போனது. கொழுந்து பறிக்கும்போது கை அதுபாட்டுக்குப் போகும், வாய் பக்கத்து நிரைக்காரியோடு பேசும். மாமியார், மருமகள், சீட்டுப் பணம், குடிக்கிற புருஷன், எல்லாம் அங்கேதான் இறங்கும். கூடை நிறைய நிறைய மனசு கொஞ்சம் காலியாகும். முகக்கவசம் போட்டு, ஒரு நிரை விட்டு ஒரு நிரை நிறுத்தியபோது அந்தப் பேச்சும் நின்றுபோனது. டிவியில் ஒரு டாக்டர் மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் என்றார். நல்ல யோசனைதான். ஒரே அறையில் ஆறு பேர் இருக்கிற வீட்டில் எந்த மூலையில் உட்கார்ந்து செய்வது?

அப்புறம் கடன். தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி முதலில் மூன்று மாதம் அனுமதித்தது, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. தள்ளிவைத்தாலும் வட்டி ஓடும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தள்ளிவைக்கலாம் என்பதையே சில இடங்களில் சொல்லவில்லை! நானும் ஒரு குழுவில் கடன் வாங்கியிருந்தேன். வசூலுக்கு வந்தவர் வாசலில் நின்றார். தனியாக நின்றிருந்தால் தாலியை அடகு வைத்தாவது கட்டியிருப்பேன். அன்றைக்குப் பத்துப் பேரும் திண்ணையில் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஒரே தாளில் எழுதினோம். "எல்லாருக்கும் தள்ளிவைத்ததாக எழுதிக் கொடுங்க" என்றோம். அவர் எழுதித் தரவில்லை, ஆனால் அடுத்த வாரம் வரவும் இல்லை. கடன் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இருந்தும் அன்று ராத்திரி நான் தூங்கினேன்.

மதுக்கடை மூடியதைச் சொல்லாமல் போனால் நீங்களே என்னை விடமாட்டீர்கள். முதல் வாரம் பல வீடுகளில் ஆண்களுக்குக் கை நடுங்கியது, தூக்கம் போனது, கண்டதற்கெல்லாம் கத்தல், அடி. குடியைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு அப்படித்தான் படுத்தும், அது வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயம். அப்புறம் ஒரு அமைதி வந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த மனுஷனைத் திரும்பப் பார்த்தேன் என்று ஒருத்தி சொன்னாள். மே 7ஆம் தேதி கடையைத் திறந்தார்கள். மறுநாள் உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. 16ஆம் தேதி கடை மறுபடி திறந்துவிட்டது. அந்த இடைவெளி நாட்களை அவள் இன்னும் விரல் விட்டு எண்ணுகிறாள்.

தொற்றின் முதல் ஆண்டில் உலகம் முழுக்க மனச்சோர்வும் பதற்றமும் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. பெண்களுக்குப் பாதிப்பு அதிகம் என்றும் சொன்னது. எனக்கு அந்தக் கணக்கைவிட ஒரு அக்காதான் ஞாபகத்துக்கு வருகிறார்.

இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம்; ராமானுஜம் கப்பலில் தலைமன்னாரிலிருந்து சின்னப் பிள்ளையாக வந்தவர். அப்படி வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் அவருடைய அம்மா பொழுது சாயும்போது ஒவ்வொரு குடும்பத்தையும் கூப்பிட்டு விசாரிப்பாராம். ஊரடங்கில் அக்காவும் அதையே செய்தார். ஆறு மணிக்கு வாசலில் நின்று, "விளக்கு ஏத்தியாச்சா?" என்று வரிசையாகக் குரல் கொடுப்பார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பதில் வரவேண்டும். ஒருநாள் ஒரு வீட்டிலிருந்து சத்தமில்லை. அக்கா போய்ப் பார்த்தார். புருஷன் திருப்பூரில் மாட்டிக்கொண்ட சின்னப் பொண்ணு, கைக்குழந்தையோடு இருட்டில் உட்கார்ந்திருந்தாள். சோறு பொங்கி இரண்டு நாளாகியிருந்தது. அன்றிலிருந்து அக்கா அங்கேயே படுத்தார். பஸ் விட்டதும் அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். சில மாதம் மாத்திரை. இப்போது அவள் வேலைக்குப் போகிறாள்.

மனசு சரியில்லை என்றால் கூப்பிட, 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற அரசு உதவி எண் இருக்கிறது. காசில்லை, தமிழிலேயே பேசலாம். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் போன் புருஷன் சட்டைப் பையில், சிக்னல் மேட்டில், இதுதான் நம் நிலைமை.

அந்த அக்கா மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார். பெயரைச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார், ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கணுமாம். சரி, இறங்கிக்கொள்கிறேன்.